வழி இல்லாத குட்டையில் வளரும் விரால்

தூண்டில் போடுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். காரை நிறுத்தும் இடத்துக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு தூரமோ, மீனும் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்பார்கள். சாலையோரக் குளத்தில் கையகலத் திலாப்பியா கிடைக்கும். இடுப்பளவுப் புல்லை விலக்கி, சேற்றில் காலை விட்டு, அட்டைக்கு ரத்தம் கொடுத்துப் போய்ச் சேரும் குட்டையில் முழங்கை நீளத்துக்கு விரால் கிடைக்கும்.

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்கிற எனக்கு மீன்பிடிக்கும் நேயர்கள் நிறைய. வாரக் கடைசியில் என்ன திட்டம் என்று கேட்டால் போதும், கோத்தா திங்கி என்ற பெயர் வராமல் இருக்காது. "அங்கே எந்த இடம்?" என்று கேட்டால்தான் லைனில் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. "ஆத்துப் பக்கம்தான்" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஊரைச் சொல்வார்கள், இடத்தைச் சொல்ல மாட்டார்கள்.

ஏன் இந்த ரகசியம்? கோத்தா திங்கியில் பிறந்து வளர்ந்த என் தாய்மாமாவோடு அப்படிப்பட்ட ஒரு குட்டைக்குப் போய்வந்த பிறகு, அதற்கான காரணம் கொஞ்சம் பிடிபட்டது.

ஆறும் அணையும்

ஜோகூர் மாநிலத்தின் மிகப் பெரிய மாவட்டம் கோத்தா திங்கி. ஜோகூர் பாருவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு முந்தாஹாக் மலை அடிவாரத்து லொம்போங் நீர்வீழ்ச்சி தெரியும். இரவில் படகில் போய் மின்மினி பார்த்திருப்பார்கள். டெசாரு கடற்கரைக்குப் போகிற வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தி, ஊடாங் காலா எனும் ஆற்று இறாலை ஒரு கை பார்த்திருப்பார்கள்.

இதற்கெல்லாம் மூலம் ஜோகூர் ஆறு. கெமுரோ மலையில் தொடங்கி, ஏறக்குறைய 122 கிலோமீட்டர் ஓடி ஜோகூர் நீரிணையில் கலக்கிறது. அதன் மேல்பகுதியில், கிளை ஆறான லிங்கியூவின் குறுக்கே ஓர் அணை உண்டு. 1990-ல் ஜோகூர் அரசும் சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகமும் செய்த ஒப்பந்தத்தின்படி கட்டப்பட்டு, 1995-ல் முடிந்தது. 1962 ஒப்பந்தம் சிங்கப்பூருக்கு இந்த ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை தண்ணீர் எடுக்க உரிமை தருகிறது. 2061 வரை அது நடப்பில் இருக்கும். ஆற்றில் நீர் குறையும்போது அணையைத் திறந்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் கடலின் உப்பு ஆற்றுக்குள் ஏறிவிடும். 2016 அக்டோபரில் லிங்கியூ அணையின் நீர் இருப்பு 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அதுவரை அவ்வளவு கீழே போனதில்லை.

லிங்கியூ, குடிநீருக்கான கட்டுப்பாட்டுப் பகுதி. தூண்டிலை எடுத்துக்கொண்டு நினைத்த மாத்திரத்தில் நுழைகிற இடமல்ல. மாமா அழைத்துப் போன குட்டை அதற்கு வெகு கீழே, ஆறு சமவெளிக்கு வந்து சோம்பலாக வளைந்து போகும் பகுதியில் இருக்கிறது. மணல் எடுத்துக் கைவிட்ட ஒரு பெரிய ஏரிக்குப் பின்னால்.

வெள்ளம் விட்டுப்போகும் மீன்

நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. ஆறு கரை மீறி, இரு பக்கமும் இருக்கும் சதுப்புக்குள் பரவும். அந்த வெள்ளத்தோடு மீனும் காட்டுக்குள் போகும். ஊறிய இலையும் பூச்சியும் அங்கே ஏராளம், முட்டையிட ஒதுக்குப்புறமும் உண்டு. பிறகு வெள்ளம் வடியும். ஆற்றுக்குத் திரும்பத் தெரிந்த மீன் திரும்பிவிடும். மற்றவை பள்ளங்களில் தங்கிவிடும். அடுத்த வெள்ளம் வரை அந்தப் பள்ளம்தான் அவற்றின் உலகம்.

அந்த உலகத்தில் எல்லா மீனும் பிழைக்காது. உதிர்ந்த இலை ஊறி ஊறித் தண்ணீர் கோப்பி-ஓ நிறத்தில் இருக்கும். புளிப்புத்தன்மை அதிகம், உயிர்வளி குறைவு. ஓடும் தண்ணீருக்குப் பழகிய செபராவ் மூச்சுத் திணறிவிடும். காற்றை நேரடியாக மூச்சிழுக்கத் தெரிந்த மீன்கள் பிழைத்துக்கொள்ளும். இங்கே ஹருவான் என்று சொல்லும் விரால், அதன் பெரிய உறவான தோமான், கெளுத்தி, செப்பாட், புயூ ஆகிய எல்லாமே அந்த இனம்தான். விராலுக்குச் செவுளுக்கு மேலே காற்றை வைத்துக்கொள்ள ஒரு சிறு அறை இருக்கிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். மேலே வர விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிச் செத்துப்போகும். மீன் மூழ்கிச் சாகும் என்று மாமா சொன்னபோது நான் சிரித்தேன். உண்மைதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

புயூவைத் தமிழ்நாட்டில் பனையேறிக் கெண்டை என்பார்கள். அந்தப் பெயருக்கு ஒரு பழைய சாட்சி உண்டு. தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, இந்த மீன் பனைமரத்தில் ஏறுவதைப் பார்த்ததாக எழுதியது 1797-ல் லண்டனில் அச்சாகி, பல ஆண்டுகள் விஞ்ஞானிகளை விவாதிக்க வைத்தது. மரம் ஏறுமோ இல்லையோ, ஈரத்தரையில் செவுளை ஊன்றி ஊன்றி அடுத்த குட்டைக்குப் போய்விடும். விரால் நமக்கு இன்னும் பழைய உறவு. சங்கப் பாடல்களில் வயலும் பொய்கையும் வருகிற இடங்களில் 'வரால்' என்ற பெயரில் துள்ளுகிறது. நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறி வந்து ஜோகூர் தோட்டங்களில் இறங்கியபோது மொழியும் மரமும் புதிதாக இருந்திருக்கும். தோட்டத்து அல்லூரில் இந்த மீனைப் பார்த்ததும் குழம்பு எப்படி வைப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

ஏரியைத் தாண்டி

நாங்கள் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அத்தைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம். நம் நாட்டில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் ஹருவான் சூப் கொடுப்பது மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லார் வீட்டிலும் பழக்கம். புண் சீக்கிரம் ஆறும் என்று நம்பிக்கை. உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் ஹருவான் சாறு பற்றி ஆய்வு செய்திருக்கிறார்கள். டாக்டர் கொடுத்த மருந்துக்கு அது மாற்று ஆகாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

"சந்தையில வாங்குறது வளர்ப்பு மீனு. காட்டு ஹருவான் ஒண்ணு புடிச்சுத் தரேன்" என்று மாமா அத்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். மாமாவுக்கு வயது 64, லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆற்றங்கரைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். அப்போது அங்கே பால்மரம் இருந்தது, இப்போது செம்பனை. லயம் இருந்த இடத்தில் ஒரு கிணறு மட்டும் மிச்சம். அந்தக் குட்டை அவருக்குப் பத்து வயதிலிருந்து தெரியும்.

கூட வந்தது மாமாவின் மகன். சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து, இரவு வீடு திரும்புகிறவன். வாரத்தில் ஒரு நாள் கிடைக்கிற தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருந்தான்.

விடிகிற நேரத்தில் மணல் ஏரியைத் தாண்டினோம். அங்கே ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பேர் குடையும் நாற்காலியுமாக உட்கார்ந்திருந்தார்கள். தோட்டக் காவலாளியிடம் மாமா சொல்லிவிட்டு, செம்பனை நிரைகளுக்கு நடுவே காரை நிறுத்தினார். அங்கிருந்து நடை. இரண்டு அல்லூர்களை விழுந்த பனைத்தண்டின் மேல் ஏறிக் கடந்தோம். செம்பனை முடிந்த இடத்தில் ரசாவ் தொடங்கியது. தாழையின் தம்பி அது, இலை ஓரமெல்லாம் முள். மாமா பாராங்கை இடுப்பில் வைத்திருந்தாரே தவிர, ஒரு கிளையைக்கூட வெட்டவில்லை. குனிந்து குனிந்து நுழைந்தார்.

"வெட்டிட்டுப் போனா ஈசியா இருக்குமே மாமா?"

"ஈசியா இருந்தா அடுத்த வாரம் ஏரிக்கரையில உக்காந்திருக்கிற அத்தன பேரும் இங்க இருப்பாங்கமா."

சேறு முழங்கால்வரை வந்தது. கம்பை ஊன்றிப் பார்த்துத்தான் அடுத்த அடி. ஒன்றேகால் மணி நேரம் கழித்து ரசாவ் விலகியது. பள்ளிக்கூடத் திடலில் பாதி அளவுக்குக் கறுத்த தண்ணீர். பாதிக்கு மேல் கியாம்பாங் மூடியிருந்தது. எங்கோ இருவாசி ஒன்று இறக்கை அடித்துப் போகும் சத்தம். தண்ணீரில் அங்கங்கே 'ப்ளக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. விரால் காற்று விழுங்கும் சத்தம் அது. மீன் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தம்பி ரப்பர் தவளையை எடுத்தான். கியாம்பாங் மேல் விழ வீசி, நிஜத் தவளை தத்துவதுபோல் மெதுவாக இழுக்க வேண்டும். மீன் அடித்ததும் இழுத்துவிடக் கூடாது. ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணி, தவளை வாய்க்குள் போன பிறகுதான் சுண்ட வேண்டும். சுண்டிய பிறகு யோசிக்க நேரமில்லை. வேருக்குள் போய்ச் சுற்றிக்கொண்டால் கதை முடிந்தது. மாமாவிடம் இருந்தது ஒரு மூங்கில் கம்பும் மண்புழுவும்தான். தம்பி பத்து முறை வீசி முடிப்பதற்குள் அவர் நான்கு புயூவைப் பிடித்து, இரண்டை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பி விட்டுவிட்டார்.

குஞ்சு மேய்க்கும் நேரம்

எட்டரை மணி வாக்கில் குட்டையின் நடுவே, செடி இல்லாத இடத்தில், தண்ணீர் சிலிர்த்தது. மழை தூறுவதுபோல் இருந்தது, ஆனால் மழை இல்லை. உற்றுப் பார்த்தால் ஒரு தட்டகலத்துக்குச் சிவப்பாக ஏதோ திரண்டு நகர்ந்துகொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள், காற்றுக்காக ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்து போயின. அதன் கீழே ஒரு நிழல். சரியான பருமன்.

தம்பி கை தூண்டிலுக்குப் போனது.

"போடாத" என்றார் மாமா.

"ஏம்பா? கீழயே நிக்குது. போட்ட உடனே அடிக்கும்."

"அதனாலதான் சொல்றேன். பசிக்குக் கடிக்கிற மீன அடி. புள்ளைய காப்பாத்தக் கடிக்கிறத அடிக்காத."

"அம்மாவுக்குத்தானேப்பா சூப்பு?"

மாமா பதில் சொல்லவில்லை. மூங்கில் கம்பில் நூலைச் சுற்றி ஓரமாக வைத்தார். தம்பியும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தவளையைக் கழற்றினான்.

தூண்டில்காரர்கள் மத்தியில் இது பெரிய விவாதம். குஞ்சுக் கூட்டத்தின் மேல் தவளையைப் போட்டால் பெரிய விரால் தப்பாமல் அடிக்கும். பசிக்காக அல்ல, எதிரி என்று நினைத்து விரட்ட வருகிறது. சில தூண்டில்காரர்கள் அதையே தேடிப் போகிறார்கள். நிச்சயமான மீன், நல்ல படம். ஆனால் பெரியது போன மறு நிமிடம் மற்ற மீன்கள் அந்தக் குஞ்சுகளை விழுங்கத் தொடங்கிவிடும். ஒரு தூண்டிலில் ஒரு மீன் போவதாகத் தெரியும், போவது ஒரு தலைமுறை. ஆற்றிலாவது வேறு விரால் வந்து இடத்தை நிரப்பும். வெள்ளம் வந்தால் மட்டும் வாசல் திறக்கும் குட்டையில் அடுத்த மழைக்காலம்வரை காத்திருக்க வேண்டும்.

மாமா கடைசிவரை அந்த மீனை 'அம்மா' என்றே சொன்னார். விராலில் தாய், தகப்பன் இரண்டுமே காவல் இருக்கும். பெரும்பாலும் நின்று காப்பது தகப்பன் என்று படித்திருக்கிறேன். அதை அங்கே, அப்பாவும் மகனும் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

சொல்வதா, மறைப்பதா?

நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் உண்மையான வாக்குவாதம் தொடங்கியது. தம்பி வந்த வழியைத் தன் கைப்பேசி வரைபடத்தில் குறித்து வைத்திருந்தான். மாமா பார்த்துவிட்டார்.

"அத எடுத்துடு. இன்னிக்கு நீ ஒருத்தன்கிட்ட காட்டுவ. அவன் பத்துப் பேருக்கு அனுப்புவான்."

இது வெறும் பயம் அல்ல. பேட்டரியைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சிப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மின்சாரம், வெடி, விஷம் மூன்றையும் 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இருக்கிறது, ஆனால் ரசாவ் முள்ளுக்குப் பின்னால் இருக்கும் குட்டைக்கு அதிகாரி தினமும் வர முடியாது. மின்சாரம் பாய்ந்தால் பெரியது சிறியது பார்க்காது. ஒரே இரவில் குட்டை காலி.

தம்பி விடவில்லை. "சரிப்பா, யாருக்கும் சொல்லல. நாளைக்கு இத மூடி செம்பனை நட்டுட்டா? இங்க ஒரு குட்ட இருந்துச்சுன்னு யாருப்பா வந்து சொல்லுவா? உங்க லயம் போன மாதிரி இதுவும் போய்டும்."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கும் பதில் இல்லை. தெற்கு ஜோகூரின் நன்னீர்ச் சதுப்பில் பெரும்பகுதி அப்படித்தான் வடிகால் வெட்டித் தோட்டமாகவும் வீடாகவும் மாறியது. பேத்தா தோமி என்று ஒரு சிறு சண்டை மீன், சுண்டுவிரல் நீளம் இருக்கும். 1994-ல்தான் அதற்கு அறிவியல் பெயரே கிடைத்தது. தெற்கு ஜோகூரின் இப்படிப்பட்ட காட்டுத் தண்ணீரில் வாழ்கிறது. பெயர் வைப்பதற்கு முன்பே காணாமல் போனவை எத்தனையோ.

சதுப்பு மீனுக்கு மட்டும் வீடல்ல. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் கோத்தா திங்கி பட்டணமே மூழ்கியது. ஜோகூரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். மாமா வீட்டுக் கூடத்தில் கெளுத்தி நீந்தியது அப்போதுதான். 2023 மார்ச்சிலும் ஜோகூரில் பல மாவட்டங்கள் தண்ணீரில் நின்றன. அவ்வளவு பெரிய மழையை ஒரு குட்டை தடுத்துவிடாது. ஆனால் ஆறு கரை மீறும்போது தண்ணீர் போய்த் தங்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை மேடாக்கிவிட்டால் தண்ணீர் நம் கூடத்துக்குத்தான் வரும்.

திரும்பி நடக்கும்போது அப்பாவும் மகனும் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இடத்தைச் சொல்வதில்லை. ஆனால் இப்படி இடங்கள் இருக்கின்றன, இப்படி மீன் வாழ்கிறது என்பதை யார் கேட்டாலும் சொல்வது. தம்பி வரைபடத்தில் வைத்த புள்ளியை அழித்தான். இந்தக் கட்டுரையும் அந்த முடிவுக்கு உட்பட்டதுதான். நேயர்கள் அடுத்த முறை "ஆத்துப் பக்கம்தான்" என்று சொல்லி நிறுத்தினால், நான் மேற்கொண்டு கேட்கப் போவதில்லை.

சூப்? மறுநாள் காலை மாமா சந்தைக்குப் போய், தொட்டியில் நீந்திக்கொண்டிருந்த வளர்ப்பு ஹருவான் ஒன்றை வாங்கிவந்தார். இஞ்சியும் மிளகும் தட்டிப்போட்டு சூப் வைத்தாயிற்று. இரண்டு புயூவும் மஞ்சள் தடவிப் பொரிபட்டன. நடந்ததையெல்லாம் கேட்ட அத்தை ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "அடுத்த தடவ போறப்ப குஞ்சு வளந்திருக்கான்னு பாத்துட்டு வாங்க" என்றார்.

போகிறவர்கள் கவனத்துக்கு

• தனியாகப் போக வேண்டாம். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். சதுப்புக்குள் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காத இடங்கள் அதிகம். அவசர எண் 999.

• தோட்டம் தனியார் நிலம். காவலாளியிடம் அனுமதி கேளுங்கள். அணை, நீர்ப்பிடிப்புப் பகுதி, வனக்காப்பகம் என்றால் உரிய அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்.

• காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய், 2010 முதல் நம் நாட்டில் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. போய்வந்த ஓரிரு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி வந்தால், குட்டையில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

• ஜோகூர் ஆற்றில் முதலை உண்டு. கோத்தா திங்கி–மெர்சிங் சாலையில் காட்டு யானை கடக்கும். விடிவதற்கு முன் வேகமாகக் கார் ஓட்டாதீர்கள்.

• மழைக்காலத்தில் சதுப்புக்குள் போகாதீர்கள். நடந்து வந்த வழி ஒரு மணி நேரத்தில் தண்ணீருக்குள் போய்விடும்.

• சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் தூண்டிலை மடக்கி வையுங்கள். தேவைக்கு மேல் பிடித்ததைத் திருப்பி விடுங்கள். வளர்ப்புத் தொட்டி மீன்களைக் கொண்டுபோய் விடாதீர்கள், அவை அங்குள்ள மீன்களை அழித்துவிடும்.

• நூல், முள், பொட்டலம் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவாருங்கள். நாங்கள் போன அன்று, அந்தக் குட்டையின் கரையில் எங்களுடையதைத் தவிர வேறு ஒரு குப்பையும் இல்லை. அதையும் பையில் போட்டுக்கொண்டுதான் வந்தோம்.